ஈரச்சாக்கு அண்ணனும் அறுபத்திரண்டு அட்டைகளும்

2025 மே 14, புதன்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன், தொட்டி நிறைய இருபத்திரண்டு நிமிடம். பால் அரை லிட்டர். கொல்லைக் குளியலறையின் கூரையில் வேப்பஞ்சருகு கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கூட்ட வேண்டும். 7.10க்கு மண்டபம் திறந்தேன். சாவிகள் முப்பத்தொன்றும் சரி. அக்கினி நட்சத்திரத்தின் பதினோராம் நாள். எட்டு மணிக்கே உடம்பு ஓய்ந்துவிட்டது.

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. இதற்குக் கீழே கையெழுத்து கோணலாகிறது. ஒரு இடத்தில் மை கலைந்தும் இருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஈரச்சாக்கு அண்ணன்.

நாமக்கல் மாவட்டத்துக் கரும்பும் வாழையும் கோழிகளும் சேர்ந்து குடித்த தண்ணீரைவிட, ஈரச்சாக்கு அண்ணன் ஒருவர் சாக்கு நனைக்கச் செலவழித்த தண்ணீர் அதிகம். இதை நான் எந்தப் பஞ்சாயத்திலும் சொல்லத் தயார்.

நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் பதினெட்டு ஆண்டுகளாக நான் மேனேஜர். அவர் அங்கே காவல்காரர், எலக்ட்ரீஷியன், குழாய் ரிப்பேர்காரர் மூன்றும். அறுபதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு. சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். இடது தோளில் எப்போதும் நனைத்துப் பிழிந்த ஒரு கோணிச்சாக்கு. உலகத்தில் எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் அதன்மேல் ஈரச்சாக்கைப் போட வேண்டும், மற்றதைப் பிறகு யோசிக்கலாம் என்பது அவர் கொள்கை.

ஒரு முகூர்த்தத்தில் மைக் செட்காரரின் ஆம்ப்ளிஃபயர் சூடாகிவிட்டது. இவர் போய் ஈரச்சாக்கைப் போட்டார். சூடு தணிந்தது. ஆம்ப்ளிஃபயரும் அன்றோடு தணிந்தது. மைக் இல்லாமல், சடங்கு நடத்தி வைக்கிற அருமைக்காரர் தொண்டை கிழிய வாழ்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. "முப்பது வருசத்துல இன்னிக்குத்தானுங்க எல்லாரும் பேச்ச நிறுத்திட்டுக் கேட்டாங்க" என்று அவர் போகும்போது சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

இன்னொரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா, முதல் பந்தியில் இடம் கிடைக்கவில்லை என்று நாற்காலியைத் தூக்கிவிட்டார். நாலு பேர் பிடித்தும் அடங்கவில்லை. அண்ணன் பின்னால் போய் அவர் பிடரியில் சாக்கைப் போட்டார். மனிதர் அப்படியே உட்கார்ந்து, "நல்லா இருக்குதுங்க, சித்த நேரம் அப்படியே உடுங்க" என்றார்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். விளக்குமாறு விஷயத்தில்தான் எனக்கும் அவருக்கும் ஆகாது. யாராவது தரையை நனைக்காமல் கூட்டினால் விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தன் அறையில் வைத்துப் பூட்டிவிடுவார். "தெளிச்சுட்டுக் கூட்டுங்கம்மா. பொடி பறந்தா எனக்கு ஆகாது." கூட்டுகிற பெண்கள் என்னிடம் வந்து நிற்பார்கள். என் நாட்குறிப்பில் 'விளக்குமாறு பறிமுதல்' என்ற குறிப்பு ஐம்பத்து மூன்று இடங்களில் இருக்கிறது.

ஏணி ஏறும்போது நான்கு படிக்கு ஒருமுறை நின்று ஊரை வேடிக்கை பார்ப்பார்.

"மேல என்னுங்ணா தெரியுது?"

"ராசிபுரம் தெரியுதுங்க."

இன்னும் நான்கு படி. மறுபடி நிற்பார்.

"இப்ப?"

"சேலம் தெரியுதுங்க மேனேசரு."

பல்பு மாட்டி முடிப்பதற்குள் பெங்களூரு வரை பார்த்துவிட்டு இறங்குவார். 2019 ஜூலையில் இவரைப் பற்றி 'சோம்பேறி' என்று ஒரு வார்த்தை எழுதி வைத்திருக்கிறேன்.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பெரிய முகூர்த்தம். சாப்பாட்டுக் கூடத்துக்கு ஏசி போட்டுத் தருவதாக ஓனரம்மா பெண் வீட்டாரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். சேலத்திலிருந்து மெக்கானிக் வந்து, தெர்மாகோல் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றி, மேலே தெரிந்த கூரையில் குழாய்க்கு ஓட்டை போடத் தொடங்கினார். 9.25க்குக் கூடத்துக்குள்ளிருந்து அண்ணனின் குரல் கேட்டது. பதினெட்டு ஆண்டில் அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

நான் ஓடிப் பார்த்தபோது டிரில்லின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்திருந்தார். மெக்கானிக் ஏணியில் நின்றார். தலையிலும் சட்டையிலும் சாம்பல் நிறப் பொடி.

"வெறும் சிமெண்ட் அட்டைங்க பெரியவரே" என்றார் மெக்கானிக்.

"மேனேசரு, இது என்ன அட்டைன்னு காயிதம் இருக்குதுங்களா?"

காகிதம் என்றால் நான். ஐந்து நிமிடத்தில் மண்டபம் கட்டிய காலத்துக் கோப்பை எடுத்துவிட்டேன். 'ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் கூரை அட்டை, எண்ணிக்கை 62' என்று பழைய தட்டச்சில் தெளிவாக இருந்தது. தெர்மாகோல் மறைத்ததும் கூரையை எல்லாரும் மறந்துவிட்டோம்.

அண்ணன் தலையை ஆட்டினார். அதன்பின் அவர் செய்தவற்றை வரிசையாகக் குறித்திருக்கிறேன். மின்விசிறிகளை நிறுத்தினார். எல்லாரையும் வெளியே அனுப்பினார். கூட்ட வந்த பெண்ணிடமிருந்து ஐம்பத்து நான்காவது விளக்குமாற்றைப் பிடுங்கினார். மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, வாளித் தண்ணீரில் துளி சோப்புக் கரைத்து, தரையில் விழுந்த பொடியை ஈரத்துணியால் துடைத்து எடுத்தார். துணியை பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டுக் கட்டினார். பிறகு மெக்கானிக்கிடம் திரும்பினார்.

"சட்டைய ஒதறாதீங்க. அப்படியே நில்லுங்க சாமி" என்று சொல்லிவிட்டு ஒரு முழு வாளித் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினார்.

மெக்கானிக்கின் உடுப்பும் பைக்குள் போனது. மாற்றிக்கொள்ள, மறந்து விட்டுப்போன பொருட்களின் பதிவேட்டைப் பார்த்து, நாற்பத்தோராம் எண்ணிலிருந்த ஒரு பட்டு வேட்டியை எடுத்துக் கொடுத்தேன். ஏதோ ஒரு மாப்பிள்ளை விட்டுப்போனது. மனிதர் அதைக் கட்டிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்த நேரத்தில், மண்டபத்தைப் பார்த்துவிட்டுப் போகப் பெண்ணின் அப்பா வந்து சேர்ந்தார். பரமத்தி வேலூர்க்காரர், வெற்றிலைத் தோட்டம் வைத்திருப்பவர்.

"இன்னிக்கு ஆரு கல்யாணமுங்க? மாப்ள தனியா உக்காந்திருக்கறாரு, தலையெல்லாம் ஈரமா?"

"கல்யாணம் இல்லீங்க, ஏசி போட வந்தேன்" என்றார் மெக்கானிக், அழுதுவிடுகிற குரலில்.

பதினொரு மணிக்கு ஓனரம்மா வந்தார். அவருடைய மாமனார் கட்டிய மண்டபம் இது. கணக்குப் பார்த்துப் பேசுகிறவர், குரல் உயர்த்துவதில்லை; அதுதான் பயம்.

"நாப்பது வருசமா இந்தக் கூரைக்குக் கீழதான் சோறு போடறோம். ஆருக்கு என்ன ஆச்சு?"

"சும்மா இருக்கற வரைக்கும் அது சாதுங்க அம்மிணி. ஒடைச்சா, ஓட்ட போட்டா, அறுத்தா, தேச்சாத்தான் பொல்லாதது."

"ஒரே ஒரு ஓட்டைங்ணா."

"பன்னெண்டு ஓட்டைங்க. கேட்டுட்டேன். அப்பறம் ஞாயித்துக்கெழம வெசிறியப் போடுவீங்க, பந்தி நடக்கும்."

"சனிக்கெழமைக்குள்ள ஏசி ஓடியாவோணும். நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"ஓட்ட போட்டா நான் நாளையிலிருந்து வேலைக்கு வாரதில்லீங்க."

"வராட்டிப் போங்க. தண்ணி பில்லாச்சும் கொறையும்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்தது நான் ஒருவன்தான். அண்ணன் சாக்கைத் தோளில் சரிசெய்துகொண்டு வெளியே போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். அந்த வயதில், அந்த உடம்பை வைத்துக்கொண்டு, அவரை வேறு எவரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியும், ஓனரம்மாவுக்கும் தெரியும்.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். கையில் ஒரு தலைவாழை இலை, ஒரு பொட்டலம் கோலமாவு.

"மாப்ள ரூம்புக்கு வாங்க அம்மிணி. சாப்புட."

எதற்கென்று தெரியாமலே நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம். மாப்பிள்ளை அறையில் மேசைமேல் இலையைப் போட்டு, முறைப்படி தண்ணீர் தெளித்து, ஓனரம்மாவை அதன்முன் உட்கார வைத்தார். ஸ்டூலில் ஏறி மின்விசிறியின் இறக்கைகள்மேல் கோலமாவைத் தூவினார். இறங்கினார். கொஞ்சம் நின்று மூச்சு விட்டார். பிறகு அம்மாவின் நாற்காலியைப் பின்னால் இழுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. பச்சை இலை மெல்ல வெளுத்தது. தெளித்த தண்ணீரில் மாவு ஒட்டிக்கொண்டது. பந்தியில் முதலில் உப்பு வைக்கிற இலை ஓரத்தில் கொஞ்சம் அதிகமாகவே விழுந்திருந்தது.

விசிறியை நிறுத்தினார். "இது கோலமாவுங்க. கழுவுனாப் போயிரும். அந்த அட்டைப் பொடி கண்ணுக்குத் தெரியாத நூலுங்க. மூச்சோட நெஞ்சுக்குள்ள போயி உக்காந்துக்கும். அங்க போயி ஆருங்க கழுவறது?"

ஓனரம்மா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "ஞாயித்துக்கெழம எத்தன இலைங்க?"

"எண்ணூத்தைம்பதுங்க."

"கூடத்துச் சாவியக் குடுங்க."

அவரே போய்ப் பூட்டினார். சாவியை அண்ணனிடம் கொடுத்தார். "தண்ணி பில்லு போனாப் போவுது" என்று மட்டும் சொன்னார்.

பெண்ணின் அப்பா விடவில்லை. "அப்ப பந்தி எங்கீங்க? கார் நிறுத்தற எடத்துலயா? இந்த வெயில்ல சம்பந்தி ஊட்டுக்காரங்கள வேக வெச்சு அனுப்பறதா?"

"பந்தலு போட்டு மேல ஈரச்சாக்கு விரிச்சுடறனுங்க" என்றார் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோழிப்பண்ணைகளில் கோடைக்குக் கூரையை நனைப்பது இந்தப் பக்கம் எல்லாரும் செய்வதுதான். அண்ணன் அதை மனிதர்களுக்குச் செய்தார். பந்தலின் மேல் நூற்று நாற்பது சாக்கு விரித்து, மணிக்கு ஒருமுறை குழாயால் நனைத்தார். சாம்பாரில் நாலு சொட்டு விழுந்ததாக ஒரே ஒரு புகார் வந்தது. சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர், "ஏசி நல்லா வேல செய்யுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கூரையை அதற்கென்று அனுமதி பெற்றவர்கள் வந்துதான் கழற்ற வேண்டும் என்று அலைந்து, எழுதி, அவர்கள் வர மூன்று மாதமாயிற்று. அதுவரை கூடம் பூட்டியே இருந்தது. அவர்களும் நனைத்து, உடைக்காமல், முழுசு முழுசாக இறக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றித்தான் கொண்டுபோனார்கள். அண்ணன் வாசலில் நின்று அறுபத்திரண்டையும் எண்ணினார்.

எண்ணியதற்குக் காரணம் உண்டு. அந்தப் புதன்கிழமை மத்தியானமே, மண்டபத்துக் கூரையை இறக்கப் போகிறார்கள் என்ற செய்தி ஊருக்குள் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் பழைய அட்டை என்றால் அது ஒரு சொத்து. ஒருவர் இறக்கினால் பத்துப் பேர் சொல்லி வைப்பார்கள். சமையல்காரர் விறகு நனையாமலிருக்க நாலு கேட்டார். பூக்காரம்மா ஆட்டுக் கொட்டகைக்கு ஆறு. எதிர்த்த டீக்கடைக்காரர் நாய்க்கு ஒன்று. பட்டு வேட்டியில் இருந்த மெக்கானிக்கே, "சேலத்துக்கு வண்டி வாடகை நான் குடுத்துக்கறேங்க" என்றார். கடைசியாக ஓனரம்மா போன் செய்து, மாட்டுக் கொட்டகைக்கு ரெண்டு எடுத்து வைக்கச் சொன்னார். கேட்பவர்களின் பெயரை ஒழுங்காக எழுதி வைப்பது என் வழக்கம். நாலு மணிக்குள் பதினேழு பெயர்.

அண்ணன் வந்து என் தோளுக்கு மேலாகப் படித்தார். தோளிலிருந்து சாக்கை எடுத்துப் பதிவேட்டின்மேல் போட்டார். நான் இழுத்தேன். அவர் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். எடுத்தபோது பதினேழு பெயரும் ஒரே நீலக் குளமாகியிருந்தன. அடியில் இருந்த நாட்குறிப்பிலும் ஒரு ஓரம் கலைந்திருந்தது.

"ஏனுங்ணா இப்படிப் பண்ணிப்போட்டீங்க?"

"ஆட்டுக்கொட்டாயிக்குப் போனா அங்க ஒடைப்பாங்க, அறுப்பாங்க. இங்க பூட்டி வெச்சது எதுக்குங்க?" என்றார். பிறகு, "உங்க பேரு இதுல எத்தனாவதா இருந்துச்சுங்க?"

"எனக்கு வேண்டியதில்லீங்ணா. எங்க ஊட்டுல ஏற்கெனவே நாலு இருக்குது. 2009ல மண்டபத்துப் பின்பக்கக் கொட்டகையப் பிரிச்சப்ப வாங்கிப் போனது. கொல்லையில குளிக்கற ரூம்புக்குப் போட்டிருக்கேன். இன்னிக்கும் புதுசு மாதிரி இருக்குது. வருசா வருசம் நானே தேச்சு வெக்கறேன்."

அவர் என்னைப் பார்த்தார். "சாயந்தரம் வாரேன்" என்றார்.

ஆறு மணிக்கு வந்தார். எங்கள் வீட்டு வாசலில் மூன்று படிகள். இரண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது.

"ராசிபுரம் தெரியுதுங்க" என்றார் அவராகவே.

கொல்லைக்குக் கூட்டிப்போனேன். சுற்றிவந்து பார்த்தார், எதையும் தொடவில்லை. நான் கம்பி பிரஷ்ஷைக் கொண்டுவந்து காட்டினேன். மழைக்காலத்தில் அட்டையில் பாசி படியும். அதை மார்கழி கடைசியில், போகிக்கு முதல் நாள், நன்றாகக் காய்ந்த பிறகு ஏணி வைத்து ஏறித் தேய்ப்பேன். காய்ந்திருந்தால்தான் சுத்தமாக உதிரும். ஒன்றே கால் மணி நேரமாகும். நாட்குறிப்பில் பதினாறு பொங்கலுக்கும் பதிவு இருக்கிறது. இதையெல்லாம் பெருமையாகவே சொன்னேன். பாதியில்தான் என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

என் மனைவி காப்பியோடு வந்தாள். "அந்தப் பொடிய நான் முறத்துல அள்ளிக் கருவேப்பலச் செடிக்குப் போட்டுருவனுங்ணா. வீணாக்கறதில்ல."

அண்ணன் செடியைப் பார்த்தார். நன்றாகத் தழைத்திருந்தது.

"நான் சேலம் ரோட்டுல லாரிப் பட்டறையில இருந்தனுங்க" என்றார். "பிரேக் லைனிங் வேல. அதுலயும் இதே சரக்குத்தானுங்க அப்ப. பழசக் கழட்டுனா டிரம்முக்குள்ள பொடியாக் கெடக்கும். காத்துப் பம்ப வெச்சு ஊதோணும். பதினோரு வருசம் ஊதுனேன். நாங்க மூணு பேரு. வேல முடிஞ்சா மூணு பேரும் சாம்பல்ல பொரண்டாப்புல நிப்போம். ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிச்சுக்குவோம். அப்பறம் ஒரு டாக்டரு நெஞ்ச படம் புடிச்சுப் பாத்துட்டு, இனிப் பொடி உனக்கு ஆகாது, எதையும் நனைச்சுட்டுத் தொடுன்னாரு."

"மத்த ரெண்டு பேரு?"

அவர் கறிவேப்பிலைச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பியைக் குடித்து முடித்தார்.

"நீங்க பயப்படாதீங்க மேனேசரு. வருசத்துக்கு ஒருக்கா, வெளியில காத்துல நின்னு தேச்சது. என்னாட்ட நித்தமும் ஊதலையே. ஒரு நல்ல டாக்டருகிட்ட மட்டும் சொல்லி வையுங்க, ரெண்டு பேரும். அட்ட ஒடைசல் இல்லாம நல்லாத்தான் இருக்குது. தேய்க்காதீங்க, ஆணி அடிக்காதீங்க, ஏறி மிதிக்காதீங்க. நனைச்சுட்டுப் பெயிண்ட் அடிச்சுக்கலாம். மண்டபத்துக்கு ஆளு வாரப்ப இந்த நாலையும் சேத்துக் குடுத்தரலாம்."

"ஞாயித்துக்கெழம சருகு கூட்டோணும்னு இருந்தேன்."

"சருகு கெடந்தாக் கெடக்குட்டும்."

கம்பி பிரஷ்ஷை என் கையிலிருந்து வாங்கி, இரண்டு பைகளுக்குள் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டார். அது ஐம்பத்தைந்தாவது பறிமுதல். பிறகு தோளிலிருந்த சாக்கை எடுத்துக் கொல்லைக் குழாயில் நனைத்துப் பிழிந்து, குளியலறை வாசலில் விரித்தார். "உள்ள போயி வரப்ப இதுல காலத் தொடைச்சுக்கோங்க. பழைய பொடி தரையில கெடந்தா ஊட்டுக்குள்ள வராது. காய உட்டுராதீங்க."

"உங்களுக்குச் சாக்குங்ணா?"

"எனக்கு இன்னொண்ணு இருக்குதுங்க."

எனக்குத் தெரிந்து அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

தெருவில் இறங்கிப் போனார். சாக்கு இல்லாத அந்தத் தோளை நான் முதன்முறையாகப் பார்த்தேன். சாக்கு கிடந்த பக்கம் சற்றுச் சாய்ந்து போயிருந்தது. இரண்டு மின்கம்பத்துக்கு ஒருமுறை நின்றார். தெருமுனையில் திரும்பும் வரை வாசலில் நின்று பார்த்தேன். இந்த ஆண்டு தையிலிருந்து அவர் வேலைக்கு வருவதில்லை. பரமத்தி வேலூரில் மகள் வீட்டில், ஏற வேண்டிய படி இல்லாத ஓர் அறையில் இருக்கிறார். மண்டபத்தில் இப்போதும் தண்ணீர் தெளித்துத்தான் கூட்டுகிறார்கள்.

என் நாட்குறிப்புகளில் அடித்தல் திருத்தல் கிடையாது. அந்தப் புதன்கிழமை இரவு 2019ஆம் ஆண்டுப் புத்தகத்தை எடுத்து, ஜூலையில் ஒரு வார்த்தையை அடித்தேன்.

மே 15, வியாழக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். சாக்கு ஓரங்களில் காய்ந்திருந்தது. மோட்டார் போடுவதற்கு முன்னால் அதற்கு இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றினேன்.